எந்தச் சோறு பதம்?

"ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்று நம் நாட்டில் சொல்லாதவர்கள் கிடையாது. படிப்பு வாசனை இல்லாதவர்கள் என்று நாம் அடுப்பங்கரையில் தள்ளி வைத்திருந்த பெண்மக்கள், கணக்குப் புத்தகம் ஒன்றையும் தொடாமலேயே, இந்தக் கணக்கைத் தினம் இரண்டு வேளை போட்டு நமக்குச் சோறு போட்டு வந்தார்கள். ஆனால் அந்தப் பெண்கள் செய்கிற ஒரு காரியத்தைப் பழமொழி சொல்லாமல் விட்டுவிட்டது. அவர்கள் அகப்பையை அடிமட்டும் விட்டு, ஒரு தடவை நன்றாகக் கிளறி, அப்புறமே ஒரு சோற்றை எடுத்து விரலால் நசுக்கிப் பார்க்கிறார்கள். கிளறாமல் எடுத்த சோறு அது கிடந்த இடத்தின் பதத்தைச் சொல்லுமே ஒழியப் பானையின் பதத்தைச் சொல்லாது. பழமொழியை எடுத்துக்கொண்டு, கிளறுவதை விட்டுவிட்டவர்கள் நம் நாட்டில் ஒரு பெரிய வியாபாரம் நடத்தி வருகிறார்கள். அந்த வியாபாரத்தைப் பற்றியே இவ்வாரம் எழுதப் புகுந்தோம்.

சென்ற மாதம் குன்றத்தூரில் ஒரு சிறு கூட்டத்தில் பேசும்படி நம்மை அழைத்திருந்தார்கள். குன்றத்தூர் என்றால் பலருக்கும் ஞாபகம் வருவது மலைமேலிருக்கும் முருகன் கோயிலும், பெரிய புராணம் எழுதிய சேக்கிழார் பிறந்த ஊர் என்பதும், ராகு தோஷத்திற்குப் பரிகார ஸ்தலம் என்று சொல்லப்படும் வட திருநாகேஸ்வரமுமேயாகும். ஆனால் விடியற்காலையில் அவ்வூர் ரோட்டில் நின்று பார்த்தால் வேறொரு குன்றத்தூர் தெரியும். இருங்காட்டுக்கோட்டைக்கும், ஸ்ரீபெரும்புதூருக்கும், ஒரகடத்திற்கும் ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருக்கும். மோட்டார் காரும், மோட்டார் சைக்கிளும், டெலிபோனும், அவற்றின் ஆயிரம் உறுப்புகளும் செய்கிற கைகள் அந்தப் பஸ்களில் தூங்கிக்கொண்டு போகின்றன.

கூட்டம் முடிந்ததும் ஒரு வாலிபர் நம்மிடம் வந்தார். ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டிப் பகுதியில் வேலை பார்ப்பவர். அவருடைய தங்கையும் வேறொரு தொழிற்சாலையில் காண்ட்ராக்ட் தொழிலாளியாம். அந்தப் பெண்ணைப் பார்க்க வந்த மூன்று வரன்கள், செவ்வாய் தோஷம் என்று சொல்லித் தட்டிப் போயினவாம். நான்காவது ஜோசியர் ராகுவையும் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினாராம். பரிகாரத்திற்கென்று அப்பெண்ணின் மூன்று மாதச் சம்பளம் போய், அதற்கு மேல் தகப்பனார் கடனும் வாங்கி விட்டாராம். இவ்வளவையும் சொல்லிவிட்டு அவர் கேட்டதாவது:

"ஐயா, நீங்கள் ஜோசியம் பொய் என்கிறீர்கள். ஆனால் பரிகாரம் செய்து ஒரு வருஷத்திற்குள் கலியாணமானவர்கள் எங்கள் தெருவிலேயே ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லுகிறவர்களும் அல்ல. இதற்கு என்ன சொல்லுகிறீர்கள்?"

கேள்வி யோக்கியமான கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் "மூடநம்பிக்கை" என்று கத்திவிட்டுப் போவது பகுத்தறிவு ஆகாது. ஆதலால் நாம் அவரையே திருப்பிக் கேட்டோம்: "தம்பி, உமது கம்பெனியில் வெளியிலிருந்து ஒரு லாட் சாமான் வந்தால் என்ன செய்வீர்?"

"சாம்பிள் எடுப்போம்."

"எப்படி எடுப்பீர்? சாமான் கொண்டுவந்தவனே நாலைந்து பொறுக்கிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வீரா?"

அவர் சிரித்தார். "அப்படிச் செய்தால் என் வேலை போய்விடும் ஐயா. அவன் மேலே நல்லதாக அடுக்கி வைத்திருப்பான். எந்தப் பெட்டி, எந்த வரிசை என்று நம்பர் போட்டுப் பார்த்து நாங்களேதான் எடுப்போம்."

"அப்படியானால் உம் தெருவிலுள்ள அந்த ஐந்து பேரை எடுத்துக் கொடுத்தது யார்?" என்று கேட்டோம். வாலிபர் சற்று நேரம் பேசாமல் நின்றார்.

தொழிற்சாலையில் ஒரு கணக்கு, வீட்டில் ஒரு கணக்கு

நாம் காலேஜில் படித்தவர்களல்ல. பழைய புத்தகக் கடையில் வாங்கிய புள்ளியியல் புத்தகங்களை வைத்துக்கொண்டு, விளங்காத இடத்தைப் பத்துத் தடவை படித்துக் கற்றவர்கள். ஆகையால் நமக்கு விளங்கினது எவருக்கும் விளங்கும் என்ற தைரியத்தில் சொல்லுகிறோம்.

ஒரு பெரிய லாட்டில் நூற்றுக்கு 5 சாமான் பழுது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தால் அது நல்லதாயிருக்க நூற்றுக்கு 95 பங்கு இடமுண்டு. இரண்டு எடுத்தால் இரண்டும் நல்லதாயிருக்க, 95 பங்கை மறுபடி 95 பங்கால் பெருக்க வேண்டும். அது நூற்றுக்கு 90 சொச்சம். இப்படியே பெருக்கிக்கொண்டு போனால், 20 எடுத்து இருபதும் நல்லதாயிருக்க நூற்றுக்கு 36 பங்கு இடமிருக்கிறது. அதாவது, யோக்கியமாக எடுத்தாலும் மூன்று தடவைக்கு ஒரு தடவை நாம் ஏமாறக்கூடும். 60 எடுத்தால் இந்த ஏமாற்றம் நூற்றுக்கு 5 பங்காகக் குறைந்துவிடும். எத்தனை எடுத்தால் எவ்வளவு ஏமாறுவோம் என்பதை முன்னாடியே சொல்லிவிடுவதுதான் இக்கணக்கின் பெருமை. தான் எவ்வளவு தப்பக்கூடும் என்று தானே சொல்லிக்கொள்ளுகிற சாஸ்திரம் இது. இந்த நாணயம் எந்த ஜோசியனிடத்திலாவது உண்டா?

ஆனால் இக்கணக்கு முழுவதும் ஒரே ஒரு நிபந்தனைமேல் நிற்கிறது. லாட்டிலுள்ள ஒவ்வொரு சாமானுக்கும் நம் கையில் வருவதற்குச் சம வாய்ப்பு இருக்க வேண்டும். மேலடுக்கிலிருந்து மட்டும் எடுத்தால் 60 என்ன, 600 எடுத்தாலும் பிரயோஜனம் இல்லை.

"கொஞ்சம் பேரைக் கேட்டு ஊர் சங்கதியை எப்படிச் சொல்லுவது?" என்று சிலர் கேட்கக்கூடும். நம் சர்க்காரே அப்படித்தான் நடக்கிறது. மகலனோபிஸ் என்பவர் 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை ஸ்தாபித்து, வங்காளத்துச் சணல் விளைச்சலை இப்படி மாதிரி எடுத்தே அளந்து காட்டினார். 1950-ல் தேசிய மாதிரி ஆய்வு என்பது தொடங்கப்பட்டு, கோடிக்கணக்கான ஜனங்களின் சாப்பாடும் சம்பளமும் மாதிரியாக எடுத்த கொஞ்சம் வீடுகளைக் கேட்டே கணிக்கப்படுகின்றன. ஆகவே கொஞ்சம் பேரைக் கேட்பதில் குற்றமில்லை. எந்தக் கொஞ்சம் பேர் என்பதுதான் கேள்வி.

அந்தத் தொழிற்சாலைகளில் ஆயுத பூஜை அன்று மிஷினுக்குச் சந்தனம் பூசுவதும் பூசணிக்காய் உடைப்பதும் நமக்குத் தெரியாததல்ல. ஆனால் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது என்று சாம்பிள் பரிசோதனையை நிறுத்தின முதலாளி எவராவது உண்டா? தன் பணம் போகிற இடத்தில் முதலாளிக்குக் கணக்குத் தெரிகிறது. தொழிலாளியின் பணம் போகிற இடத்தில்தான் எலுமிச்சம்பழம் போதும் என்று ஆகிவிடுகிறது.

மேலடுக்குச் சோறு

ஆண் குழந்தை வேண்டுமென்று 100 தம்பதிகள் ஒரு சாமியாரிடம் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் நூறு பேருக்கும் "ஆண்தான்" என்று சொல்லி, ஒரு எலுமிச்சம்பழமும் கொடுத்து அனுப்புகிறார். அவர் ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஏறக்குறைய 51 பேருக்கு ஆண் பிறக்கும். இயற்கையில் ஆண் பிறப்பு பாதிக்குச் சிறிது கூடுதல். அந்த 51 பேரும் மாலையோடு திரும்பி வருவார்கள். மற்ற 49 பேர் என்ன செய்வார்கள்? "நமக்குக் கொடுத்து வைக்கவில்லை" என்று வீட்டிலிருப்பார்கள். அடுத்த வருஷம் போகிறவன் சாமியார் வாசலில் யாரைப் பார்ப்பான்? 51 சாட்சிகளைப் பார்ப்பான். எதிர்ச்சாட்சி ஒன்றையும் பார்க்க மாட்டான். இதில் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 51 மெய்களைக் கொண்டு ஒரு முழுப் பொய் கட்டப்பட்டிருக்கிறது.

இது நமது கண்டுபிடிப்பல்ல. கிரேக்க தேசத்தில் டயகோரஸ் என்று ஒரு நாஸ்திகர் இருந்தார். கடலில் புயலில் சிக்கி, வேண்டிக்கொண்டு தப்பினவர்கள் காணிக்கையாக வைத்த படங்களை ஒரு கோயிலில் அவருக்குக் காட்டினார்களாம். வேண்டிக்கொண்டும் முழுகிப் போனவர்களுடைய படங்கள் எங்கே என்பதுபோல் அவர் கேட்டதாக ரோமாபுரிச் சிசரோ எழுதி வைத்திருக்கிறார். இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேலாகியும் அந்தக் கேள்விக்கு எந்தக் கோயிலும் பதில் சொல்லக் காணோம்.

குன்றத்தூர் வாலிபரின் ஐந்து பேரும் இந்தப் படங்களே. அவர்களைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். முதலாவது, பரிகாரம் செய்தவர்கள் மொத்தம் எத்தனை பேர்? ஐந்து பேருக்குக் கலியாணமானது தெரிகிறதே, ஆகாதவர்கள் எத்தனை பேர் என்று எவராவது எண்ணினதுண்டா? இரண்டாவது, பரிகாரமே செய்யாதவர்களில் ஒரு வருஷத்திற்குள் கலியாணமானவர்கள் எத்தனை பேர்? வரன் தேடிக்கொண்டிருக்கிற வீட்டில் சும்மா இருந்தாலும் சில பேருக்குக் கலியாணம் நடந்துகொண்டுதானே இருக்கும்? செய்தவர்களில் நூற்றுக்கு முப்பது, செய்யாதவர்களிலும் நூற்றுக்கு முப்பது என்று இருந்தால், பரிகாரத்தின் பலன் பூஜ்யம் என்பதல்லவா கணக்கு? இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் ஐந்து பேரைக் காட்டுகிறவன், அடிப்பானையைத் திறக்க விடாமல் மேல்சோற்றைக் காட்டுகிறவனே ஆவான்.

தோஷம் என்பது எத்தனை பேருக்கு?

நிற்க. அந்தப் பெண்ணுக்குத் தோஷம் என்றார்களே, அது அவளுக்கென்று வாய்த்த ஒரு அபூர்வ வியாதியா என்று பார்ப்போம். இதற்கு ஜோசியன் புத்தகமே போதும்.

ராசிக் கட்டத்தில் 12 வீடுகள். இலக்கினத்திலிருந்து 2, 4, 7, 8, 12 ஆகிய வீடுகளில் செவ்வாய் இருந்தால் செவ்வாய் தோஷம் என்பது நம் பக்கத்து வழக்கு. செவ்வாய் பன்னிரண்டு வீட்டில் ஏதேனும் ஒன்றில் இருந்துதானே ஆக வேண்டும்? அதில் ஐந்து வீடு குற்றமுள்ள வீடு. பன்னிரண்டில் ஐந்து என்றால் நூற்றுக்கு ஏறக்குறைய 42. இன்று உலக ஜனத்தொகை 800 கோடிக்கு மேல். ஆகவே ஏறக்குறைய 333 கோடிப் பேருக்குச் செவ்வாய் தோஷம்! சீனாக்காரனுக்கும், அரபிக்காரனுக்கும், ஜாதகமே எழுதாத நம் பக்கத்துத் தெரு முஸ்லீமுக்கும் கிறிஸ்தவருக்கும் வானத்தில் அதே செவ்வாய்தான். அவர்கள் கலியாணம் செய்துகொண்டு பிள்ளை குட்டிகளோடு வாழவில்லையா? அந்த 333 கோடிப் பேரின் துணைகளும் அகாலத்தில் செத்தா போகிறார்கள்?

சில ஜோசியர்கள் இலக்கினத்திலிருந்து மாத்திரமன்றிச் சந்திரனிலிருந்தும் சுக்கிரனிலிருந்தும் எண்ண வேண்டும் என்பார்கள். நல்லது. மூன்றிலும் தப்புவதற்கு எவ்வளவு இடம்? ஒவ்வொன்றிலும் தப்புவதற்குப் பன்னிரண்டில் ஏழு பங்கு. ஏழை ஏழாலும் மறுபடி ஏழாலும் பெருக்கினால் 343. பன்னிரண்டை அப்படியே பெருக்கினால் 1,728. தப்புகிறவர்கள் நூற்றுக்கு 20 பேர். தோஷக்காரர்கள் 80 பேர்! சுக்கிரனும் செவ்வாயும் வானத்தில் முற்றிலும் சம்பந்தமில்லாமல் திரிகிறவையல்ல ஆதலால் இது தோராயக் கணக்கே என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒன்றிரண்டு கூடினாலும் குறைந்தாலும், ஊரில் பெரும்பாலோரைத் தோஷக்காரர்களாக்கும் வலை இது என்பதில் சந்தேகமில்லை.

இனி ராகு, கேது. இவை 1, 2, 7, 8-ஆம் வீடுகளில் இருந்தால் சர்ப்ப தோஷம் என்கிறார்கள். ராகு ஒரு வீட்டிலிருந்தால் அதற்கு நேர் எதிர் ஏழாம் வீட்டில் கேது இருக்கும். ஆகையால் பன்னிரண்டில் நாலு பங்கு, அதாவது மூன்றில் ஒரு பங்கு ஜனங்கள் இதில் அகப்படுவார்கள். இலக்கினச் செவ்வாய், ராகு கேது ஆகிய இந்த இரண்டு தோஷத்திலும் தப்புவதற்கு, பன்னிரண்டில் ஏழை மூன்றில் இரண்டால் பெருக்கினால் நூற்றுக்கு 39 பேர். மற்ற 61 பேருக்கு ஏதாவது ஒரு தோஷம் உண்டு. இன்னும் களத்திர தோஷம், பித்ரு தோஷம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனால் யார்தான் மிச்சம்?

"அதற்கெல்லாம் நிவர்த்தி விதிகள் உண்டு, எல்லாருக்கும் தோஷம் என்று சொல்ல மாட்டோம்" என்று ஜோசியர்கள் சொல்லக்கூடும். அது இன்னும் மோசம். முதலில் எல்லாரையும் கட்டுகிற விதி. பிறகு வேண்டியவரை அவிழ்த்து விடுகிற விதி. கட்டுவதும் அவிழ்ப்பதும் ஒருவன் கையில் இருந்தால் அதற்குச் சாஸ்திரம் என்றா பெயர்? ஒரே சாமானைக் காலையில் பழுது என்றும், மத்தியானம் நல்லது என்றும் சொல்லுகிற அளவுகோலை அந்த வாலிபர் தம் கம்பெனியில் ஒரு நாள் வைத்திருப்பாரா?

பூனாவில் நடந்த பரீட்சை

"எங்களை எவனாவது முறைப்படி பரீட்சித்ததுண்டா?" என்று ஜோசியர்கள் கேட்கலாம். உண்டு. 2008-ல் மகாராஷ்டிர தேசத்தில், பூனாவில் இது நடந்தது. நடத்தினவர்கள் வானநூல் அறிஞரான ஜயந்த் நார்லிகர், புள்ளியியல் பேராசிரியரான சுதாகர் குண்டே, ஜோசியம் கற்றறிந்தவரான பிரகாஷ் காட்பாண்டே, மூடநம்பிக்கை ஒழிப்புச் சங்கம் கண்ட டாக்டர் நரேந்திர தபோல்கர் ஆகியவர்கள்.

கெட்டிக்காரப் பிள்ளைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் 100 பேர் ஆக 200 பேருடைய ஜாதகங்கள் சேகரிக்கப்பட்டன. பெயரில்லாமல் அவற்றை ஒன்றாகக் கலந்து, முன்வந்த ஜோசியர் ஒவ்வொருவருக்கும் 40 ஜாதகம் பொறுக்காமல் எடுத்துக் கொடுக்கப்பட்டது. எது கெட்டிக்காரப் பிள்ளையின் ஜாதகம், எது மற்றது என்று சொன்னால் போதும். சாஸ்திரம் மெய்யானால் இதைவிடச் சுலபமான கேள்வி இருக்க முடியுமா?

பதிலைப் பார்ப்பதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும். ஜாதகமே பார்க்காமல் காசைச் சுண்டித் தலையா பூவா என்று சொல்லிக்கொண்டு போனாலும் நாற்பதுக்குச் சராசரி 20 சரியாயிருக்கும். சில தடவை 17, சில தடவை 23 என்று ஆடும். நாலில் மூன்று பங்கு தடவை இந்த எல்லைக்குள்ளேயே நிற்கும். வெறும் அதிர்ஷ்டத்தினால் 24-ஓ அதற்கு மேலோ வருவதற்கு நூற்றுக்கு 13 பங்கு இடமுண்டு. 28-ஓ அதற்கு மேலோ வருவதற்கு நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. ஆகவே ஒருவர் 28 சரியாகச் சொன்னால், இவரிடம் ஏதோ இருக்கிறது, மறுபடி பரீட்சிப்போம் என்று நாமே எழுந்து நின்று சொல்லுவோம்.

நடந்தது என்ன? முன்வந்த ஜோசியர்கள் 51 பேர். பதில் அனுப்பினவர்கள் 27 பேர். எல்லாருடைய பதில்களையும் சேர்த்துப் பார்த்ததில் சரியானவை நூற்றுக்கு 46. காசு சுண்டினாலும் 50! அவர்களில் மிகவும் நன்றாகச் சொன்னவருக்கு 24. இருபத்தேழு பேர் காசு சுண்டினாலே மூன்று நாலு பேருக்கு 24-ஓ மேலோ வந்திருக்க வேண்டும் என்று மேலே சொன்ன 13 பங்கிலிருந்து வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். ஒரு ஜோசிய ஸ்தாபனம் 200 ஜாதகத்தையும் வாங்கிப் பார்த்து 102 சரியாகச் சொல்லிற்று. அதாவது நூற்றுக்கு 51. இந்த முடிவுகள் 2009-ல் "கரண்ட் சயன்ஸ்" என்னும் இந்திய விஞ்ஞான சஞ்சிகையில் வெளியாயின.

இதில் நாம் பாராட்டுவது ஜோசியர்கள் தோற்றதையல்ல. கேள்வியும், வெற்றி இன்னது என்பதும் விடை வருவதற்கு முன்னமே வகுக்கப்பட்டதைப் பாராட்டுகிறோம். விடை வந்தபின் அர்த்தம் சொல்லுகிறவன் ஒருக்காலும் தோற்க மாட்டான். முன்கூட்டி எழுதி வைக்கிறவனே பரீட்சைக்கு நிற்கிறவன்.

இவ்வளவு சாதுவான ஒரு கணக்குக்காரியத்தில் பங்கெடுத்த தபோல்கர் 2013 ஆகஸ்டு 20-ந் தேதி காலையில் அதே பூனாவில் உலாவப் போனபோது சுட்டுக் கொல்லப்பட்டார். மூடநம்பிக்கையை ஆயுள் முழுதும் எதிர்த்தவருக்குக் கிடைத்த பதில் அது. நார்லிகர் 2025 மே மாதத்தில் தம் 86-வது வயதில் காலமானார். கணக்குக்குக் கணக்கால் பதில் சொல்ல முடியாதவர்கள் உள்ள நாடு இது என்பதை வாசகர்கள் மறக்கக் கூடாது.

சர்க்காரோ 2001-ல் பல்கலைக்கழக மானியக் குழுவின் மூலம் காலேஜுகளில் ஜோசியத்தைப் பாடமாக்க வழி செய்தது. அதை எதிர்த்த வழக்கை 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு பிரஜையின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்தில் எழுதிச் சேர்த்துக்கொண்ட அதே நாட்டில்தான் இதுவும் நடந்தது.

உத்திரமேரூர்க் குடம்

"எங்கள் முன்னோர்களுக்குத் தெரியாததா?" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பொறுக்காமல் எடுப்பது என்பது நம் முன்னோர்களுக்குத் தெரிந்தேயிருந்தது. இதே காஞ்சீபுரம் ஜில்லாவில் உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921-ஆம் வருஷத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு ஆள் எடுப்பதற்கு ஓலையில் பெயர் எழுதி, குடத்திலிட்டுக் குலுக்கி, ஒன்றும் அறியாத ஒரு சிறு பையனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். எடுக்கிற கைக்குப் பட்சபாதம் இருக்கக் கூடாது என்பது அவர்களுக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்கிறது பாருங்கள்!

ஆனால் குடத்துக்குள் யாருடைய ஓலை போயிற்று? வரி கட்டுகிற நிலம் கால்வேலிக்கு மேல் உள்ளவன், சொந்த மனையில் வீடு கட்டினவன், வேதம் கற்றவன், அதுவும் 35 வயதுக்கு மேல் 70-க்குள் உள்ளவன். உழுகிறவன் ஓலை உண்டா? பெண்ணின் ஓலை உண்டா? சேரிக்காரன் ஓலை உண்டா? குலுக்கல் யோக்கியமான குலுக்கல்தான். குடம் யோக்கியமான குடமல்ல. ஆயிரம் தடவை குலுக்கினாலும் உள்ளே போடாத ஓலை வெளியே வராது. மாதிரி எடுக்கும் கணக்கில் இதைவிடப் பெரிய பாடம் வேறில்லை. எடுக்கிற கையைப் பார்ப்பதோடு நில்லாமல் குடத்துக்குள் யாரை விட்டார்கள் என்றும் பார்க்க வேண்டும். இன்றைக்கும் ஒருவன் "ஜனங்களைக் கேட்டோம், ஜனங்கள் இப்படிச் சொல்லுகிறார்கள்" என்றால், எந்த ஜனங்கள் என்று முதலில் கேளுங்கள்.

நம்மவர்களுக்கும்

இதோடு நிறுத்தினால் நாமும் மேல்சோற்றைக் காட்டினவர்களாவோம். ஜாதகம் பார்த்துச் செய்த கலியாணம் ஒன்று முறிந்தால், அதை மேடையில் ஏறிக் கைதட்டலோடு சொல்லுகிற வழக்கம் நம்மவர்களிடத்திலும் இருக்கிறது. நாமும் செய்திருக்கிறோம். அதுவும் பொறுக்கி எடுத்த ஒரு சோறுதான். அதைக் கொண்டு ஜோசியம் பொய் என்று நிரூபிக்க முடியாது. எதிரிக்கு ஒரு தராசு, நமக்கு ஒரு தராசு என்று வைத்துக்கொள்ளுகிறவனுக்கும் புரோகிதனுக்கும் என்ன வித்தியாசம்?

ஆகவே குன்றத்தூர்த் தோழர்களுக்கு ஒரு யோசனை சொல்லி வந்தோம். அவ்வூர்ப் படிப்பகத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். வாக்காளர் ஜாபிதாவைக் கையில் வைத்துக்கொண்டு, குலுக்கிப் போட்டு 100 வீடுகளைத் தேர்ந்தெடுங்கள். நமக்கு வேண்டியவர் வீடு என்று ஒன்றைச் சேர்க்கவும், கோயில்காரர் வீடு என்று ஒன்றை நீக்கவும் கூடாது. அந்த வீடுகளில் கலியாணத்திற்குக் காத்திருப்பவர்கள் யார், பரிகாரம் செய்தவர்கள் யார், செய்யாதவர்கள் யார், ஒரு வருஷத்தில் யாருக்குக் கலியாணமாயிற்று என்று, அவர்கள் சம்மதத்தோடு, பெயரை மறைத்து எழுதுங்கள். ஜோசியர் ஒரு பலன் சொன்னால் தேதியோடு அன்றே எழுதுங்கள். வருஷ முடிவில் எண்ணுங்கள். எண்ணிக்கை நமக்கு விரோதமாக வந்தாலும் மறைக்காமல் வெளியிடுங்கள். நூறு வீட்டு எண்ணிக்கை சிறிய எண்ணிக்கைதான், அதுவே முடிவாகாது. ஆனால் எண்ணிப் பார்ப்பது என்னும் பழக்கம் ஒரு ஊருக்கு வந்துவிட்டால் அந்த ஊரை ஏமாற்றுவது கஷ்டமாகிவிடும்.

நாம் சொன்ன தோஷக் கணக்கை அந்த வாலிபர் ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு போய் வீட்டில் காட்டினாராம். தங்கை அதை வாங்கித் தானே ஒரு தடவை பெருக்கிப் பார்த்துவிட்டு, "அப்படியானால் நூற்றுக்கு 61 பேர் எங்கள் கட்சி. சிறுபான்மையோர் அந்த 39 பேர்தானே, அவர்களுக்கு யார் பரிகாரம் செய்கிறது?" என்று கேட்டதாகப் பின்பு எழுதியிருக்கிறார். தகப்பனார் இன்னும் சம்மதிக்கவில்லை என்றும், அடுத்த பரிகாரத்திற்கு ஜோசியர் தேதி குறித்திருக்கிறார் என்றும், தன் சம்பளத்திலிருந்து இனி ஒரு காசும் அதற்குத் தருவதில்லை என்று அந்தப் பெண் சொல்லிவிட்டதாகவும் அதே கடிதத்தில் கண்டிருக்கிறது.

அவ்வளவு போதும் என்று நாம் சொல்ல வரவில்லை. கடன் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் தொழிற்சாலை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வருகிற அறிவை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவர ஒரு பெண் துணிந்திருக்கிறாள். கம்பெனி பஸ்ஸில் போகிற மற்றவர்களையும் நாம் கேட்டுக்கொள்வது இதுதான்: முதலாளியின் சாமானுக்கு நீங்கள் காட்டுகிற ஜாக்கிரதையை உங்கள் வாழ்வுக்கும் காட்டுங்கள். எவனாவது ஒரு சோற்றை நீட்டினால், வாயில் போட்டுக்கொள்ளுமுன் பானையைக் கிளறினாயா என்று கேளுங்கள்.